ஓராண்டைக் கடந்த புகார்: வழிகாட்டுதல் தேவை

அனைவருக்கும் வணக்கம். என் தாயாரின் பாகப்பிரிவினை வழக்கை நடத்திவந்த வழக்கறிஞர், கட்டணப் பாக்கியைக் காரணம் காட்டி, மூலப் பத்திரங்கள் அடங்கிய வழக்குக் கட்டைத் திருப்பித் தர மறுக்கிறார். அப்படி நிறுத்திவைக்கும் உரிமை வழக்கறிஞருக்கு இல்லையென உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே ஆர்.டி. சக்சேனா வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. வழக்கறிஞர்கள் சட்டம், 1961-இன் 35-ஆவது பிரிவின்கீழ் மாநில பார் கவுன்சிலில் நாங்கள் அளித்த புகார் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பப்பட்டு 14 மாதங்கள் ஆகியும், 2 வாய்தாக்களைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அம்மா, கிரயப் பத்திரத்தின் மங்கிய நகலை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, 76 வயதில் படியேறி வந்து காத்திருந்தார். ஓராண்டுக்குள் முடிக்கப்படாத புகார் இந்திய பார் கவுன்சிலுக்கு மாற்றப்படும் என்கிறது 36பி பிரிவு. அதற்கு நாங்கள் தனியே மனு அளிக்க வேண்டுமா, கோப்பு தானாகவே சென்றுவிடுமா? இவ்வழியில் சென்று வந்தவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள்.