மெண்டிலியன் ரேண்டமைசேஷன்: தமிழில் என்ன சொல்வது?

> இரத்தக் கொழுப்பு – மார்பகப் புற்றுநோய் கட்டுரைக்கு ‘மெண்டலியச் சமவாய்ப்பாக்கம்’ என்று போடலாமா?

வணக்கம் ஐயா,

‘ரேண்டம்’ என்பதற்குச் ‘சமவாய்ப்பு’ சரிதான். பாடநூலில் சமவாய்ப்பு மாறி படித்தவர்களுக்குப் புரியும். (இலங்கை நண்பர்கள் எழுமாற்று என்பார்கள், அதுவும் எனக்குப் பிடிக்கும்.) ‘ஆக்கம்’தான் உறுத்துகிறது. மருந்துச் சோதனையில் யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று ஆய்வாளர் குலுக்கிப் போடுகிறார், அது ஆக்கம். இங்கே யாரும் எதையும் ஆக்கவில்லை. தாயிடமுள்ள இரண்டு மரபணுப் படிகளில் எது பிள்ளைக்கு என்பது கருவிலேயே விழுந்துவிட்ட சீட்டு. பிறவியில் வந்த மரபணு வடிவத்தை வைத்து, ஒன்று நோய்க்குக் காரணமா என்று ஆய்வாளர் பிற்பாடு வந்து எண்ணிப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

இந்த யோசனை முளைத்ததே கொழுப்பையும் புற்றுநோயையும் பற்றிய ஒரு கேள்வியில்தான். 1986இல் நெதர்லாந்தின் மார்ட்டின் காட்டான் லான்செட் மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். கொலஸ்ட்ரால் குறைவாக இருப்பதால் புற்றுநோய் வருகிறதா, ஒளிந்திருக்கும் புற்றுநோய் கொலஸ்ட்ராலைக் குறைக்கிறதா? இரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் அப்போ-ஈ புரதத்தில் ஈ-2 வகை உள்ளவர்களுக்குப் பிறவியிலேயே கொலஸ்ட்ரால் குறைவு. குறைவுதான் காரணமென்றால் நோயாளிகளிடம் ஈ-2 மிகுந்திருக்க வேண்டுமே என்றார். பெயரோ 1991இல் கிரேயும் வீட்லியும் எலும்பு மஜ்ஜை மாற்று ஆய்வுக்கு வைத்தது, பிறகு இங்கே வந்து ஒட்டிக்கொண்டது. மூலப்பெயரே இரவல் என்னும்போது நாம் ஏன் சொல்லுக்குச் சொல் போக வேண்டும்?

மார்பகப் புற்றுநோயில் இந்த முறைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், மது எச்டிஎல் (HDL) என்னும் கொலஸ்ட்ரால் வகையையும் கூட்டும், நோய் வாய்ப்பையும் கூட்டும். உடல் பருமனும் மாதவிடாய் நிற்பதும் இரண்டையும் அசைக்கும். வெறும் இரத்தப் பரிசோதனையை வைத்துக்கொண்டு எது எதனால் என்று பிரிக்க முடியாது. பிறவியில் விழுந்த சீட்டை மது மாற்றாது.

‘மெண்டல் குலுக்கல்’ என்று எழுதிப் பார்த்தேன். வகுப்பில் சொன்னால் சிரிப்பார்கள், ‘மெண்டல்’ என்பதற்கு நம் தெருவில் வேறு பொருள். ‘மரபணுக் குலுக்கல்’ என்றால் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதைச் சொல்வதுபோல் ஆகிவிடும். ‘பிறவிக் குலுக்கல்’ எப்படி? வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “பிறவிக் குலுக்கல் ஆய்வுகளில், எச்டிஎல்லைக் கூட்டும் மரபணு வடிவங்களைப் பெற்ற பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சற்றே கூடுதலாகத் தெரிந்தது.”

ஒரு மரபணு எச்டிஎல்லோடு நிற்காமல் வேறு வழியிலும் வேலை செய்தால் கணக்கு தவறும். அதற்குப் ‘பன்முக விளைவு’ போதும் என நினைக்கிறேன். அப்புறம், அதே கட்டுரையில் எச்டிஎல்லை ‘நல்ல கொழுப்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே உள்ள வாக்கியத்துக்குப் பக்கத்தில் அது நிற்காது.

---

அம்மா, ‘குலுக்கல்’ என்றால் பரிசுச்சீட்டு வாடை அடிக்கிறதே என்று முதலில் நினைத்தேன். உத்திரமேரூர்க் குடவோலையும் குலுக்கல்தானே, இருக்கட்டும். முதல் தடவை வரும்போது மட்டும் ‘மெண்டலின் பிறவிக் குலுக்கல் முறை’ என்று விரித்து எழுதிவிடுகிறேன். ‘நல்ல கொழுப்பை’ எடுத்துவிட்டேன்.