[கலைச்சொல்] திரைக் கார்களின் கட்டை வடிவம்: கேலியுருவா, இடைக்குறையா?

> ‘கேலியுரு’ என்றே வைத்துவிடலாம். கேலிச்சித்திரம் எல்லாருக்கும் தெரிந்த சொல். புதிதாக ஒன்று எதற்கு?

ஐயா, வணக்கம். படத்தில் வருகிற கார்களைக் கட்டையாகக் கீறுகிற வடிவத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இந்தக் குழுவில் பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்கு நீங்கள் சொன்னது ‘கேலியுரு’.

கேலிச்சித்திரம் என்றால் அதில் கேலி இருக்கவேண்டும். அமைச்சரின் மூக்கை நீட்டிக் கீறினால் அவருக்குக் கோபம் வரும், அதற்காகத்தான் கீறுகிறோம். மிஸ்ரர் பீன் நகைச்சுவைத் தொடரில் வருகிற பச்சை மினிக் காரை உருண்டையாகக் கீறினால் யாருக்கு நோகும்? நான் கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் ஸ்ரிக்கர் கடை வைத்திருக்கிறேன். ஓட்டோக்காரப் பெடியள் படத்தில் பார்த்த காரைப் போனில் காட்டி, “அண்ணை, இதைக் கட்டையாக்கிப் பின் கண்ணாடிக்குக் கீறித் தாங்கோ” என்பார்கள். ஆசைப்பட்டுக் கேட்கிற சாமானுக்குக் கேலி என்று பெயர் வைத்தால் ஒருத்தரும் அதைச் சொல்லமாட்டார்கள்.

‘சிற்றுரு’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். 1964இல் கோல்ட்ஃபிங்கர் என்ற ஜேம்ஸ் பொண்ட் படத்தில் வந்த அஸ்டன் மார்ட்டின் டிபி5ஐ அடுத்த ஆண்டே கோர்கி நிறுவனம் விளையாட்டுக் காராக விற்றது, ஆளைத் தூக்கியெறியும் இருக்கை உட்பட. அதுதான் சிற்றுரு. காரின் பாகங்கள் எல்லாம் ஒரே விகிதத்தில் சிறுக்கும். நாங்கள் பெயர் தேடுவது விகிதத்தை வேண்டுமென்றே கெடுத்த வடிவத்துக்கு.

இனி என்னுடைய முன்மொழிவு. 1984இல் வந்த கோஸ்ட்பஸ்டர்ஸ் படத்தில் பேய் பிடிக்கிறவர்கள் ஓட்டுகிற எக்டோ-1 காரை எடுங்கள். 1959ஆம் ஆண்டுக் கடிலாக். உடலைக் கட்டியது மில்லர்-மீட்டியோர் என்ற நிறுவனம். நீளம் 20 அடிக்கு மேல். ஓட்டோவின் பின் கண்ணாடியில் அதை உள்ளபடி போட்டால் புடலங்காய் மாதிரிக் கிடக்கும், கதவிலுள்ள பேய் முத்திரை கண்ணுக்கே தெரியாது. முழுப் படத்தையும் சுருக்கினாலோ கோடுகள் மெலிந்துவிடும். மெல்லிய கோட்டையும் இயந்திரம் வெட்டித் தரும்தான். ஆனால் வேண்டாத துண்டுகளை ஊசியால் கிளப்பி எடுக்கும்போது கோடும் கூடவே எழும்பி வரும். ஒருமாதிரி ஒட்டிக் கொடுத்தாலும் சித்திரை வெயிலும் உள்வீதிக் கிரவல் புழுதியும் சேர்ந்து ஓரத்தைக் கிளப்பிவிடும். அதனால் முன் லைட்டுகளையும் கிரில்லையும் தொடமாட்டேன். பின்னால் எழும்பி நிற்கிற செட்டைகளையும் தொடமாட்டேன். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில் உள்ள உடம்பை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு பக்கத்தையும் பொருத்திவிடுவேன். பார்க்கிறவன் உடனே “எக்டோ!” என்பான்.

நன்னூல் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. ‘ஓந்தி’ செய்யுளில் நடுவெழுத்தை இழந்து ‘ஓதி’ என்று வரும். எழுத்துத்தான் குறைகிறது, ஓணான் ஓணானாகவே இருக்கிறது. யாப்பு இடம் தராததால் நடு போகிறது. அதற்குப் பெயர் இடைக்குறை. எனக்கு யாப்பு என்பது கண்ணாடியின் அகலம். ஆகவே எழுத்தில் ‘இடைக்குறையுரு’, பேச்சில் ‘இடைக்குறைக் கார்’.

இன்னொரு உதாரணம், 1979இல் தொடங்கிய டியூக்ஸ் ஒஃப் ஹசார்ட் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் செம்மஞ்சள் டொட்ஜ் சார்ஜர். 1983இல் அதற்குக் காட்டூன் தொடரும் வந்தது. நடுவை எடுத்தாலும் நிறமும் கதவில் 01 இலக்கமும் போதும், கார் பிழைத்துவிடும். கூரையில் இருக்கிற அமெரிக்கத் தென்மாநிலக் கொடியை நான் போடுவதில்லை. அடிமை முறைக்காகப் போரிட்டவர்களின் கொடி அது. கொடி போட்ட விளையாட்டுக் கார்களுக்கான உரிமத்தை 2015இல் வார்னர் பிரதர்ஸே நிறுத்திவிட்டது. வண்டியில் கொடி ஒட்டுகிற விசயத்தில் வன்னி ஆட்களுக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லைத்தானே.

கிளிநொச்சியிலிருந்து

—

> முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில் உள்ள உடம்பை வெட்டி எடுத்துவிட்டு

தம்பி, சொல் வடிவாய் இருக்கிறது. இவ்வளவு காலம் படிப்பித்த இலக்கணம் ஓட்டோவில் ஏறி ஓடுவதில் எனக்குச் சந்தோசம்.

ஆனால் நடு போனால் ஆளே போய்விடுகிற கார்களும் உண்டு. 1966 பேட்மேன் தொடரின் காரைப் பாரும். லிங்கன் நிறுவனம் 1955இல் காட்சிக்கு வைத்த ஃபியூச்சுரா காரை ஜோர்ஜ் பாரிஸ் மாற்றிக் கட்டியது அது. அதன் நடுவில் இரட்டைக் கண்ணாடிக் குமிழ் இருக்கும். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது செட்டை முளைத்த ஏதோ ஒரு கறுப்புக் கார். உமது மினியோ மொத்தமே 10 அடிதான். அதில் எந்த நடுவைக் குறைப்பீர்? 2002இல் வந்த காட்டூனிலும் அது அதே பச்சை, அதே கறுப்பு பொனட். கட்டையாகக் கீறச் சொன்னால் நீர் கதவிலே தொங்குகிற ஆமைப்பூட்டைத்தான் பெரிதாக்குவீர். அது குறை இல்லை, நீட்டல்.

செய்யுளுக்காகச் சொல் மாறுவதுதான் செய்யுள் விகாரம். அதில் முதல், இடை, கடை என்ற மூன்று குறைகளோடு வலித்தல், மெலித்தல், நீட்டல், குறுக்கல், விரித்தல், தொகுத்தல் என்று ஆறும் இருக்கின்றன. நீர் ஊசியும் கையுமாகச் செய்கிற வேலை முழுவதும் அதற்குள் அடங்கும். பொதுப்பெயர் ‘விகாரவுரு’ என்று வந்திருக்கவேண்டும். ஊரில் விகாரம் என்றால் அவலட்சணம் என்பார்கள், அது வேண்டாம். ‘திரிபுரு’ பொதுச்சொல்லாகட்டும், இடைக்குறை அதில் ஒரு வகையாக இருக்கட்டும்.

முல்லைத்தீவிலிருந்து

—

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஸ்கூபி டூ வான் 1969இல் காட்டூனாகத்தான் பிறந்தது. உண்மை வானாகக் கட்டிப் படத்தில் ஓட்டியது 2002இல். அது எதன் திரிபு?

வவுனியாவிலிருந்து

—

ரீச்சர், குமிழ் நியாயம்தான். அந்தக் காரில் குமிழை வைத்துக்கொண்டு மூக்கையும் வாலையும் குறுக்கவேண்டியிருக்கும். திரிபுருவைப் பொதுச்சொல்லாக ஏற்கிறேன். ஒரு தயக்கம் மட்டும்: ‘திரிபு’ என்றால் பேப்பர் வாசிக்கிற ஆட்களுக்குச் செய்தித் திரிபு, வரலாற்றுத் திரிபு என்று பொய் நினைவுக்கு வரும். ‘உரு’ ஒட்டி நிற்பதால் சமாளிக்கலாம் என்று நினைக்கிறேன்.

வவுனியா அண்ணைக்கு: ஸ்கூபி டூ வானில் திரிபு நடக்கவில்லை. கீறியதைத் தகரத்தில் கட்டினார்கள். அதை ‘மெய்யுரு’ என்று தனியாக வைப்போம். 1994 படத்துக்காகக் கட்டிய ஃபிளின்ட்ஸ்ரோன்ஸ் கல் காரும் அந்தக் கணக்குத்தான். சிக்கல் தருவது கல்கி 2898 ஏடி என்ற தெலுங்குப் படத்தில் வருகிற புஜ்ஜி என்ற வண்டி. 2024இல் படம் வரமுன்னமே காட்டூன் தொடர் வந்துவிட்டது. அதே நேரம் கோயம்புத்தூரில் கட்டிய 6 தொன் அளவான உண்மை வண்டியும் ஊர் ஊராக ஓடியது. கட்டிய வண்டியை மூலமாக வைத்துக் காட்டூனைத் திரிபுரு என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கோ. (புஜ்ஜிக்கு இங்கே நல்ல கிராக்கி. மூன்று சில்லு எண்டால் எங்கட ஆள்தானாம். மிஸ்ரர் பீன் கவிழ்த்துக் கவிழ்த்து விடுகிற நீல ரிலையன்ற் காருக்கும் மூன்று சில்லுத்தான், அதை மட்டும் ஒரு ஓட்டோக்காரனும் கேட்பதில்லை.)

கண் வாய் வைத்த கார்களை இதற்குள் கொண்டுவரவேண்டாம். 1952இல் டிஸ்னி எடுத்த சூசி குறும்படத்திலேயே காரின் முன் கண்ணாடியைக் கண்ணாக்கிவிட்டார்கள். 2006இல் வந்த கார்ஸ் படத்திலும் கண் அங்கேதான். அது முகம் வைப்பது, வேறு வேலை. ‘முகமேற்றல்’ என்று தனி இழையில் பேசலாம்.

கடையின் விலைப்பலகையில் ‘கட்டை’ என்றுதான் எழுதியிருக்கும், அதை மாற்றமாட்டேன்.

அறிவியல்நகர் பொறியியல் பீடத்துப் பிள்ளைகள் யாரும் இந்தக் குழுவில் இருந்தால் ஒரு கேள்வி. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரத்தைத் தமிழில் சொல்லவேண்டி வந்தால் என்ன சொல்லுவீர்கள்? நான் ‘சில்லிடை’ என்று பாவிக்கிறேன். இடைக்குறையில் குறைகிற இடை அதுதான் என்பதால், இரண்டையும் சேர்த்தே முடிவெடுத்தால் நல்லது.

கிளிநொச்சியிலிருந்து