"பால் பத்தல" என்று சொன்னவர்களும் பக்கத்தில் உட்கார்ந்தவர்களும்

தாய்ப்பால் கொடுத்த நான்கு அம்மாக்கள் சொன்னவை இவை.

எனக்கு முதல் குழந்தை. காம்பு வெடித்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. குழந்தை வாய் வைக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன். சாயங்காலம் ஆனால் அழுகை நிற்காது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "பால் பத்தல போல, பவுடர் பால் கொடுத்துடு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

தாய்மார் குழு ஒன்றிலிருந்து ஓர் அக்கா வந்தார். "நீ பால் கொடும்மா, நான் பார்க்கிறேன்" என்றார், அவ்வளவுதான். குழந்தை தானாக வாயை எடுக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். குழந்தை காம்பின் நுனியை மட்டும் பிடித்துச் சப்புகிறது என்று அப்புறம்தான் காட்டினார். குழந்தையின் வயிறு என் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும், மூக்குக்கு நேரே காம்பு வர வேண்டும், வாயை அகலமாகத் திறக்கும்வரை காத்திருந்து சட்டென்று அணைக்க வேண்டும். மோவாய் மார்பில் அழுந்தி, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ்ப்பகுதி நன்றாக வாய்க்குள் போனால் வலி குறையும். அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது. புண் ஆறத்தான் கொஞ்சம் நாளானது.

பால் பத்துகிறதா என்பதை அழுகையை வைத்து முடிவு செய்யாதே, டயபரைப் பார் என்றார். முதல் வாரம் முடியும்போது ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போய், எடையும் ஏறிக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம். பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை குடிக்கும், சாயங்காலத்தில் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கும். மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் ஊறும். தேவையில்லாமல் புட்டியைக் கொடுத்துக் குழந்தை சப்புவது குறைந்தால், பாலும் குறையும். இத்தனை பேர் வந்து போனார்களே, ஒருத்தராவது இதைச் சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் ஆதங்கமாக இருக்கிறது.

*

என் குழந்தை குறைமாதம். இன்குபேட்டருக்குள் இருந்ததால் மார்பில் போட வழியில்லை. பம்ப் வைத்து எடுத்தால் சில சொட்டுகள்தான் வந்தன. அதைப் பார்த்து அழுதுகொண்டிருந்தபோது, அதே வார்டில் இருந்த இன்னொரு அம்மா, "அது சீம்பால், ஒரு சொட்டுகூட வீணாக்காதீங்க" என்று சிரிஞ்சில் உறிஞ்சி எடுக்கக் கற்றுக்கொடுத்தார். அவர் குழந்தையும் உள்ளேதான் இருந்தது.

இரவில் ஒரு தடவையாவது கட்டாயம் எடுக்கச் சொன்னார், பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் அப்போதுதான் அதிகமாக இருக்குமாம். நான் எழும்போது அவருக்கு ஒரு மெசேஜ் போடுவேன், அவரும் விழித்திருப்பார். நெஞ்சோடு சேர்த்து வைக்கும் கங்காரு பராமரிப்புக்கு அனுமதி கிடைத்த பிறகு பால் கூடியது. மார்பில் நேரடியாகக் குடிக்க வைக்க வெகுநாள் பிடித்தது, அதுவரை கிண்ணத்தில்தான் ஊட்டினோம்.

*

எனக்கு மார்பில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. குழந்தைக்குத் தேவையான அளவு முழுவதும் வராது என்று மருத்துவரே சொல்லிவிட்டார். தாய்மார் குழுவுக்குப் போனால் திட்டுவார்கள் என்று பயந்துதான் போனேன். யாரும் திட்டவில்லை. முதலில் மார்பு, பிறகு அளவு பார்த்துப் பவுடர் பால் என்று சேர்ந்து உட்கார்ந்து திட்டம் போட்டுக் கொடுத்தார்கள். இப்படி ஏற்றுக்கொள்ளாத குழுவை நான் ஆதரவுக் குழு என்று சொல்ல மாட்டேன்.

அதே குழு இன்னொரு விஷயத்தில் கறாராக இருந்தது. பிரசவம் நடந்த இடத்தில் எல்லோருக்கும் பவுடர் பால் டப்பாவை இலவசமாகக் கொடுத்தார்கள். தாய்மாருக்கு அப்படி இலவச மாதிரி கொடுக்கக் கூடாது என்று 1981-இல் உலக சுகாதார சபை ஏற்ற விதிமுறையே சொல்கிறது. குழுவினர் நிர்வாகத்திடம் நேரில் போய்ப் பேசினார்கள். தேவைப்பட்டுக் கொடுப்பது வேறு, கேட்காமலே கையில் திணிப்பது வேறு.

*

வேலைக்குத் திரும்பியவள் நான். பால் கட்டி, மார்பு சிவந்து, காய்ச்சலே வந்துவிட்டது. நிறுத்திவிடலாம் என்று இருந்தேன். "நிறுத்தாதீங்க, வழக்கம்போலக் கொடுங்க, குளிர்ந்த ஒத்தடம் வைங்க, காய்ச்சல் விடலைன்னா டாக்டர்கிட்ட போங்க" என்று உடன் வேலை செய்பவர் சொன்னார். பால் எடுக்கக் கதவு பூட்டும் அறை வேண்டும் என்று நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து கேட்டோம். தனியாகக் கேட்டபோது கிடைக்காத அறை அப்போது கிடைத்தது. எடுத்த பால் 25 டிகிரிக்கு மிகாத அறை வெப்பத்தில் நான்கு மணி நேரமும் ஃபிரிட்ஜில் நான்கு நாளும் தாங்கும். புட்டியில் தேதியும் நேரமும் எழுதி ஒட்டிவிடுங்கள். ஃபிரிட்ஜ் கதவில் வைக்காதீர்கள், உள்ளே தள்ளி வையுங்கள்.