மைதா ஓடு இல்லாத கீஷ், இரவுச் சாப்பாட்டுக்கு ஆகுமா?

தேன்மிட்டாய்:
மாமியாருக்குக் கோதுமை ஒத்துக்கொள்வதில்லை, டாக்டர் சுத்தமாக நிறுத்தச் சொல்லிவிட்டார். ஞாயிறு இரவுக்கு அடியில் மைதா ஓடு வைக்காமல் கீஷ் (மைதா மாவு ஓட்டில் முட்டை, பால் கலவையை ஊற்றிச் சுடும் பிரெஞ்சுப் பலகாரம்) செய்யலாம் என்று இருக்கிறேன். கையில் ஓடிஜியும் (சின்ன மின்சார அவன்) 8 அங்குல டின்னும் இருக்கிறது. ஒரு குறிப்பில் 4 முட்டைக்கு ஒன்றரை கப் பால், இன்னொன்றில் 8 முட்டைக்கு அரை கப், பாதிப் பேர் 2 ஸ்பூன் மைதா போடு என்கிறார்கள், அது எங்களுக்கு ஆகவே ஆகாது. பாலக், காளான், சீஸ் வாங்கியாச்சு. ஐந்து பேர் வயிறார சாப்பிட வேண்டும், வெட்டினால் துண்டாக நிற்கவும் வேண்டும். எதை நம்பலாம்?

அடுப்படி ராஜ்ஜியம்:
தாராளமாக நிற்கும், தண்ணீரை மட்டும் கவனியுங்கள். ஓடு இருந்தால் கலவையைத் தாங்கிப் பிடிப்பதோடு காய் விடுகிற நீரிலும் கொஞ்சத்தை இழுத்துக்கொள்ளும், அது இல்லாதபோது எல்லாப் பாரமும் முட்டை மேல்தான். அதனால் பாலைக் குறைக்க வேண்டும். 8 முட்டைக்குப் பாலும் ஃப்ரெஷ் கிரீமும் சேர்ந்து ஒரு கப், அதற்கு மேல் வேண்டாம். நுரை வர அடிக்காதீர்கள், முள்கரண்டியால் கலக்கினால் போதும்.

பாலக்கை நறுக்கி, பெரிய தீயில் சுருள வதக்கி, ஆறவிட்டு, இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துப் பிழியுங்கள். பச்சைத் தண்ணீர் ஓடும், பிறகு சொட்டும், சொட்டுவதும் நிற்கும் வரை விடாதீர்கள். ஒரு கட்டுக் கீரை எலுமிச்சை அளவுக்கு வந்துவிடும், பயப்பட வேண்டாம். காளானை அகலமான கடாயில் பரப்பி, விட்ட நீரெல்லாம் வற்றி ஓரம் சிவக்கும் வரை வதக்குங்கள். வயிறு நிறைய வேண்டும் என்றால் உருளைக்கிழங்கை முக்கால் பதம் வேகவைத்து, வட்டமாக நறுக்கி அடியில் அடுக்குங்கள்.

170 டிகிரி, நடுத் தட்டு, மேல் கீழ் இரண்டு ராடும், 35 முதல் 40 நிமிடம். ஓரம் இறுகி நடுவில் மட்டும் லேசாக ஆடும்போதே எடுத்துவிடுங்கள், மீதி அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். நடுவும் கெட்டியாகட்டும் என்று விட்டுவைத்தால் முட்டை இறுகி நீரை வெளியே தள்ளும், அப்புறம் கீரையைப் பிழிந்ததெல்லாம் வீண். கால் மணி நேரம் ஆறவிட்டு வெட்டுங்கள். பொங்கி வந்தது அமுங்கும், அது இயல்புதான்.

உப்புக்கல்:
மேலே சொன்னதோடு ஒன்று. உங்கள் டின் அடித்தட்டு தனியாகக் கழல்கிற வகையா என்று பாருங்கள். ஓடு இல்லாத கலவை அந்த இடுக்கு வழியாக ஒழுகி ராடு மேல் சொட்டிக் கருகும். அடித்தட்டு கழலாத, ஒரே துண்டான டின்னில் வெண்ணெய் தடவி பட்டர் பேப்பர் போட்டுவிடுங்கள். சாசேஜ் சேர்ப்பதாக இருந்தால் பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள், பலவற்றில் ரொட்டித் தூளோ கோதுமையோ கலந்திருக்கும்.

மழைக்காலம்:
மைதாவுக்குப் பதில் கார்ன்ஃப்ளோர் ஒரு டேபிள்ஸ்பூன், ஆறிய பாலில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றுங்கள். கொஞ்சம் கூடுதலாக வெந்துவிட்டாலும் முட்டை சட்டென்று திரியாது. பிரான்சின் லொரேன் பகுதியில் பழைய முறைக் கீஷில் சீஸே கிடையாது, முட்டை, கிரீம், உப்பிட்ட பன்றி இறைச்சி அவ்வளவுதான். அதனால் சீஸை அள்ளிப் போட வேண்டியதில்லை. மொசரெல்லா நீர் விடும், செடார் இருந்தால் நல்லது. ஜாதிக்காய் துளி துருவிப் போட்டால் கிரீமுக்கு அவ்வளவு பொருத்தம்.

ஆனால் ஈரானியர்களின் குக்கு சப்ஸியையும் பாருங்கள் தோழி. பால் இல்லை, கொத்தமல்லி, பார்ஸ்லி, வெந்தயக்கீரை என்று குவியலாகக் கீரை, அதைச் சேர்த்துப் பிடிக்கத்தான் முட்டை. சிலர் மட்டும் கொஞ்சம் மாவு போடுவார்கள், நீங்கள் விட்டுவிடலாம். ஆறினாலும் ருசி குறையாது.

தேன்மிட்டாய்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கீரையும் காளானும் காலையிலேயே வதக்கி வைத்துக்கொள்ளலாமா?

அடுப்படி ராஜ்ஜியம்:
வைக்கலாம், ஃப்ரிட்ஜில். மாலையில் இன்னும் ஒரு முறை பிழிந்துவிட்டு, டின் உள்ளே போகிற நேரத்தில் முட்டையில் கலக்குங்கள்.