ஃபார்வர்டர் முகவரிக்கு அனுப்பினால் சேல்ஸ் டாக்ஸ்: உங்களுக்கு என்ன நடந்தது?

லென்ஸ் பைத்தியம் (சிங்கப்பூர்)

2024-இல் நடந்தது. அமெரிக்கக் கடை ஒன்றின் இணையதளத்தில் பழைய லென்ஸ் 800 டாலருக்குக் கிடைத்தது. கடைக்காரர் சிங்கப்பூருக்கு அனுப்ப மாட்டார். வழக்கம்போல ஃபார்வர்டர் (அமெரிக்காவில் நமக்காகச் சரக்கை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்கும் நிறுவனம்) கொடுத்திருந்த லாஸ் ஏஞ்சலஸ் கிடங்கு முகவரியைப் போட்டேன். பணம் கட்டும் பக்கத்தில் 876 என்று வந்தது. அந்த ஊர் விற்பனை வரி 9.5 சதவீதம்!

லென்ஸ் அந்த ஊரில் இரண்டு நாள் தூங்கியதுதான் மிச்சம். அப்புறம் விமானம் ஏறி இங்கே வந்தது. மதிப்பு 400 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் என்பதால் சிங்கப்பூர் சுங்கத்தில் 9 சதவீத ஜிஎஸ்டியும் கட்டினேன். ஒரே பொருளுக்கு இரண்டு ஊரில் வரி. கடைக்கு எழுதிக் கேட்டால், "நாங்கள் அனுப்பியது கலிபோர்னியா முகவரிக்கு" என்று ஒரு வரி பதில். இதைத் திரும்ப வாங்கியவர்கள் யாராவது உண்டா?

குத்துவிளக்குக் கடை (நியூஜெர்சி)

தம்பி, நான் எதிர்ப்பக்கத்து ஆள். பித்தளை விளக்கு, பூஜைச் சாமான் விற்கிறேன். டிரினிடாட், கயானாவிலிருந்து நிறைய ஆர்டர் வரும். அங்கே இருப்பவர்கள் எல்லாருக்கும் ஃப்ளோரிடாவின் மயாமியில் ஒரு ஃபார்வர்டர் முகவரி இருக்கும். ஒரே கட்டடம், ஒரே தெரு, சூட் நம்பர் மட்டும் ஆளுக்கு ஒன்று. முதலில் அதைப் பார்த்தபோது ஒரு கட்டடத்தில் இத்தனை பேர் குடியிருக்கிறார்களா என்றுதான் நினைத்தேன்.

முன்பு இது தலைவலியே இல்லை. ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ ஆளோ இல்லையென்றால் அந்த மாநிலத்துக்காக வரி வசூலிக்க வேண்டாம் என்று 1992-இல் வந்த குவில் தீர்ப்பு காப்பாற்றியது. 2018 ஜூனில் வேஃபேர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கிவிட்டது. ஃப்ளோரிடா கொஞ்சம் தாமதமாக, 2021 ஜூலை 1 முதல் வெளிமாநில விற்பனையாளர்களைப் பிடித்தது. முந்தைய ஆண்டில் அங்கே ஒரு லட்சம் டாலருக்கு மேல் விற்றிருந்தால் பதிவு செய்தே ஆக வேண்டும். எங்கள் ஃப்ளோரிடா விற்பனையில் முக்கால்வாசி இந்த மயாமி கிடங்குகளுக்குப் போனது. அது இல்லையென்றால் அந்த ஒரு லட்சத்தைத் தொட்டிருக்கவே மாட்டோம்.

சரி, பதிவு செய்தோம். மாநிலம் 6, மயாமி மாவட்டம் 1, ஆக 7 சதவீதம். 300 டாலர் விளக்குக்கு 21 டாலர். டிரினிடாட்டின் போர்ட் ஆஃப் ஸ்பெயினிலிருந்து ஓர் அம்மா ஃபோன் போட்டுப் பிடித்துக்கொண்டார். "இங்கே பன்னிரண்டரை சதவீதம் வாட் கட்டுகிறேன். ஃப்ளோரிடாவை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, எனக்கு எதற்கு அந்த ஊர் வரி?" நியாயமான கேள்விதான். என்னிடம் பதில் இல்லை. என் கண்ணுக்குத் தெரிவது லேபிளில் உள்ள முகவரி மட்டும். வரி வாங்காமல் விட்டு நாளைக்குத் தணிக்கை வந்தால் அந்த 21 டாலர் என் பையிலிருந்து போகும்.

பிறகுதான் ஒரு வழி தெரிந்தது. ஃபார்வர்டர் ஃப்ளோரிடா வருவாய்த் துறையிடம் விண்ணப்பித்து, தன் கிடங்கு முகவரிக்கு ஒரு சான்றிதழ் வாங்கலாம். அந்த முகவரிக்குப் போகும் சரக்குக்கு நான் வரி வாங்க வேண்டியதில்லை, சான்றிதழ் நகல் கையில் இருந்தால் போதும். எங்கள் வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் ஃபார்வர்டர்களுக்கு வரிசையாக எழுதினேன். சிலர் நகல் அனுப்பினார்கள். சிலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. அந்த அம்மாவின் ஃபார்வர்டர் இரண்டாவது ரகம்.

கணக்குப்பிள்ளை (ஹியூஸ்டன்)

லென்ஸ் தம்பிக்கு: ஏற்றுமதிக்கு மாநிலங்கள் வரி போடக் கூடாது என்று அமெரிக்க அரசியலமைப்பிலேயே இருக்கிறது. ஆனால் ஏற்றுமதி எந்த நொடியில் தொடங்குகிறது என்பதில்தான் சண்டை எல்லாம். 1946-இல் ரிச்ஃபீல்ட் எண்ணெய் நிறுவனம் நியூசிலாந்து அரசுக்கு எண்ணெய் விற்றது பற்றிய வழக்கில், கலிபோர்னியா துறைமுகத்தில் கப்பலுக்குள் எண்ணெய் இறங்கியதுமே ஏற்றுமதி தொடங்கிவிட்டது, வரி செல்லாது என்றார்கள். 1949-இல் இன்னொரு வழக்கில் கதை மாறியது. கலிபோர்னியாவின் மெர்செட் மாவட்டத்தில் ஒரு சிமென்ட் ஆலையைக் கொலம்பிய நிறுவனம் வாங்கி, பிரித்து எடுத்துப்போகிறது. 12 சதவீதம் கிளம்பிவிட்டது. மிச்சத்தில் ஒரு பங்கு பெட்டியில் கட்டியே வைத்திருந்தது. ஆனாலும் பயணம் தொடங்கவில்லை என்று சொல்லி மிச்சத்துக்கெல்லாம் சொத்து வரி உறுதியானது. கட்டி வைத்த பெட்டியும் கிளம்பிய பெட்டியும் ஒன்றல்ல.

கலிபோர்னியா விற்பனை வரிச் சட்டம் உண்மையில் அவ்வளவு மோசமில்லை. வெளியே அனுப்புவது விற்பனை ஒப்பந்தத்திலேயே இருந்து, கடைக்காரர் சரக்கை ஃபார்வர்டரிடமோ கஸ்டம்ஸ் புரோக்கரிடமோ ஒப்படைத்தால் வரி இல்லை. ஃபார்வர்டரை வாங்குபவரே அமர்த்தியிருந்தாலும் சரி. உங்கள் பில்லில் சிங்கப்பூர் என்ற சொல்லே இருந்திருக்காது, அங்கேதான் விழுந்துவிட்டீர்கள். இன்னொன்று, அந்த மாநிலத்தில் வரி கடைக்காரர் தலையில்தான் விழுகிறது, அவர் உங்களிடம் வாங்கிக்கொள்கிறார். அதனால் அரசிடம் திரும்பக் கேட்கும் உரிமையும் அவருக்குத்தான். ஏர்வே பில் (விமானச் சரக்கு ரசீது) நகலை வைத்து இன்னொரு முறை கடைக்கு எழுதிப் பாருங்கள். பெரிய நம்பிக்கை வேண்டாம்.

ஆற்றங்கரை (வாஷிங்டன் மாநிலம்)

சுருக்கமாக ஒன்று. ஓரிகன், டெலவேர், மொன்டானா, நியூஹாம்ப்ஷயர் நான்கிலும் விற்பனை வரி கிடையாது. அலாஸ்காவில் மாநில வரி இல்லை, ஆனால் சில ஊர்களில் உள்ளூர் வரி உண்டு. ஓரிகனின் போர்ட்லேண்டில் ஃபார்வர்டர் கிடங்குகள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நான் இருப்பது ஆற்றுக்கு இந்தப் பக்கம், வான்கூவரில் (கனடா வான்கூவர் இல்லை). லேப்டாப்பை போர்ட்லேண்ட் முகவரிக்கு வரவழைத்து, பாலம் தாண்டி எடுத்து வந்தால் லாபம் என்று நண்பர் ஒருவர் சொன்னார், செய்தும் காட்டினார். வெளியே விற்பனை வரி இல்லாமல் வாங்கியதை இந்த மாநிலத்தில் பயன்படுத்தினால் அதற்கு யூஸ் டாக்ஸ் (பயன்பாட்டு வரி) கட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது.

லென்ஸ் பைத்தியம் (சிங்கப்பூர்)

கணக்குப்பிள்ளை சார் சொன்னபடி ஏர்வே பில், சிங்கப்பூர் சுங்க ரசீது இரண்டையும் சேர்த்து எழுதினேன். ஒன்பது நாள் கழித்து மரியாதையாகவே பதில் வந்தது: விற்கும்போது ஏற்றுமதி என்று எங்களுக்குத் தெரியாது, அந்தக் காலாண்டுக் கணக்கும் கட்டியாகிவிட்டது, மன்னிக்கவும். சரி, 76 டாலர் கலிபோர்னியாவுக்கு மொய்.

ஃபார்வர்டரிடம் கேட்டேன், அவர்களுக்கே ஓரிகனிலும் கிடங்கு இருக்கிறதாம். கிலோவுக்குக் கொஞ்சம் கூட, இரண்டு நாள் தாமதம். நேற்று அந்த முகவரிக்கு ஒரு கேமரா முக்காலி ஆர்டர் போட்டேன். வரி இருக்கும் இடத்தில் பூஜ்யம். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.