முதுகில் கட்டிய கொடி

வாட்ஸ்அப் குழு: தாத்தா வீட்டுச் சொந்தங்கள்

கயல்: பெரியப்பா, கல்லூரிக் கருத்தரங்கிற்காக, மெக்சிகோவில் பேரரசு அமைத்த ஆஸ்டெக் மக்களின் படையைப் பற்றி எழுதுகிறேன். 1520 ஜூலை 7 அன்று ஒத்தும்பா சமவெளியில், தப்பியோடிவந்த சில நூறு ஸ்பானியர்களையும் அவர்களுடைய த்லாஸ்கலா நட்புப் படையினரையும் வளைத்து நின்ற ஆஸ்டெக் பெரும்படை, தளபதி ஒருவர் விழுந்ததும் ஏன் கலைந்தது? வீரர்கள் கோழைகள் என்று எழுதலாமா?

பெரியப்பா: எழுதாதே, அம்மா. மேலிருந்து பார்த்துக்கொண்டு வருவோம். ஆஸ்டெக் தலைநகரான தெனோச்தித்லானின் அரசருக்கு 'த்லாத்தோவானி', அதாவது 'பேசுபவர்' என்று பெயர். படைக்கும் அவரே தலைவர். அவருக்குக் கீழே படை நடத்திய இரு பெருந்தளபதிகள் 'த்லாகோச்கால்காத்ல்', 'த்லாகாதெக்காத்ல்' எனப்பட்டனர். இருவரும் அரசருக்கு ஆலோசனை கூறும் நால்வரில் அடங்குவர். அரசர் இறந்தால் அந்நால்வருள் ஒருவரையே அரியணையில் அமர்த்துவது வழக்கம் என்பதால், பெரும்பாலும் அரச குடும்பத்தினரே இப்பதவிகளுக்கு வந்தார்கள்.

சித்தி: அத்தான், இப்பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. பொருளாவது உண்டா?

பெரியப்பா: உண்டு. முதலாமவர் 'எறியீட்டி வீட்டுக்காரர்'. ஆயுதக் கொட்டிலுக்கு 'எறியீட்டி வீடு' என்றுதான் பெயர். அரசருக்கு அடுத்த நிலையில் நிர்வாகத்தைக் கவனித்தவருக்கோ 'சிவாகோவாத்ல்', அதாவது 'பாம்புப் பெண்' என்று ஒரு பெண் தெய்வத்தின் பெயர். பதவியில் இருந்தவர் ஆண்தான்!

கயல்: சாதாரணக் குடியில் பிறந்தவனுக்கு வழியே இல்லையா?

பெரியப்பா: ஓரளவு இருந்தது. பத்து வயதில் சிறுவனின் பிடரியில் ஒரு குடுமியை வளரவிடுவார்கள். போரில் முதல் கைதியைப் பிடித்த பிறகே அதை வெட்டலாம். ஆஸ்டெக் வாழ்க்கையைப் படங்களில் காட்டும் மெந்தோசா ஓவியச் சுவடியில் ஒவ்வொரு வீரனும் தன் கைதியின் தலைமயிரைப் பற்றிக்கொண்டு நிற்பதைப் பார். கைதிகளின் எண்ணிக்கை கூடக்கூட அவனுடைய உடையும் மாறுகிறது. நான்கு பேரைப் பிடித்தவன் 'தெக்கிவா' என்ற மூத்த வீரனாவான். அதற்கும் மேலே இருந்த 'குவாச்சிக்' வீரர்கள், ஓரடியும் பின்வாங்குவதில்லை என்று சூளுரைத்தவர்கள். இவர்களையா கோழைகள் என்பாய்?

சித்தி: அப்படியானால் ஓடியது ஏன், அத்தான்?

பெரியப்பா: அங்கேதான் கொடி வருகிறது. 8,000 பேர் கொண்ட பெரும்பிரிவுகளாகத் திரளும் படையில், ஆரவாரத்துக்கிடையே குரல் எவ்வளவு தூரம் எட்டும்? சங்கும் முரசும் ஒலிக்கும். மற்றபடி, தளபதியின் முதுகில் இறுகக் கட்டப்பட்ட உயரமான இறகுக் கொடியைப் பார்த்தே வீரர்கள் நகர்ந்தார்கள். அவரை வீழ்த்தாமல் கொடியைக் கைப்பற்றுவது எளிதன்று. கொடி சாய்ந்தால் பின்வாங்குவது அவர்களுடைய போர்முறை. திறந்தவெளியில் குதிரை வீரர்களுடன் ஸ்பானியத் தலைவர் கோர்த்தெஸ் நேராக அந்தக் கொடியை நோக்கிப் பாய்ந்தார். அடுத்த ஆண்டு, தெருத் தெருவாகப் போர் நடந்த தெனோச்தித்லான் முற்றுகையில், அதே மக்கள், தங்கள் அரசர் குவாத்தெமோக் பிடிபட்ட 1521 ஆகஸ்ட் 13 வரை பணியவில்லை.

கயல்: 'கோழைத்தனம்' என்று தொடங்கும் பத்தியை இப்போதே நீக்கிவிடுகிறேன், பெரியப்பா.