குடும்பக் குழுவில் இரண்டு டம்ளர் மண்

சித்தப்பா: [படம்]

சித்தப்பா: இடது டம்ளரில் போட்டது என் அண்ணன், அதாவது உங்கள் பெரியப்பா வயல் மண்கட்டி. வலது டம்ளரில் என் வயல் மண்கட்டி. தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம்தான் ஆகிறது.

தம்பி: இடது பக்கம் கட்டியையே காணோம் 😂

பெரியப்பா: யாரைக் கேட்டு என் வயலில் மண் எடுத்தாய்?

அத்தை: காலையிலேயே ஆரம்பித்துவிட்டீர்களா? அது நான் வாங்கிக் கொடுத்த டம்ளர்தானே?

சித்தப்பா: ரசாயன உரம் கொட்டிக் கொட்டி மண் செத்துவிட்டது என்று வாயால் சொன்னால் அண்ணன் நம்பமாட்டார். அதனால்தான் படம். உயிருள்ள மண்ணாக இருந்தால் கட்டி தண்ணீரில் கரையாமல் நிற்கும். யூரியாவுக்கு அரசு கொடுக்கிற மானியத்தை மொத்தமாக இயற்கை விவசாயத்துக்குத் திருப்பிவிட வேண்டும்.

அண்ணன்: இலங்கையில் என்ன ஆயிற்று சித்தப்பா? 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டார்கள். நவம்பருக்குள் பின்வாங்கிவிட்டார்கள். நடுவில் நெல்லும் தேயிலையும் அடிவாங்கின, அரிசியை வெளியிலிருந்து வாங்க வேண்டியதாயிற்று.

சித்தப்பா: கையில் டாலர் இல்லாமல் எடுத்த முடிவுக்கு இயற்கை விவசாயம் என்று பெயர் வைத்தார்கள். ஒரே போகத்தில் மாறு என்றால் எவனால் முடியும்? சிக்கிமில் 2003-ல் முடிவு எடுத்து, 2016-ல்தான் முழு இயற்கை வேளாண் மாநிலம் என்று அறிவித்தார்கள். உர மானியத்தையும் படிப்படியாகத்தான் குறைத்தார்கள்.

அண்ணன்: சிக்கிம் மலைப்பகுதி. அங்கே முன்பே உரம் குறைவு. ஊருக்கெல்லாம் நெல் கொடுக்கிற சமவெளியில் செய்து காட்டட்டும், பார்க்கலாம்.

பெரியப்பா: ஒரு கணக்குச் சொல்கிறேன், கேளுங்கள். 50 கிலோ யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, அதுதான் நைட்ரஜன். அதாவது 23 கிலோ. தொழு உரத்தில் அரை சதவீதம் இருக்கும். அதே 23 கிலோவுக்கு 4,600 கிலோ எரு அடிக்க வேண்டும். மூட்டையை நான் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்துவிடுவேன். நாலரை டன்னை யார் சுமப்பது? அத்தனை மாடு எங்கே? அந்த மாட்டுக்குத் தீவனம் போட நிலம் எங்கே?

சித்தப்பா: எரு மட்டும்தானா வழி? பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டு விதைத்து, பூ எடுக்கிற சமயத்தில் மடக்கி உழுதால் தழைச்சத்து காற்றிலிருந்து இலவசமாக வருகிறது. நீங்கள் போடுகிற யூரியாவில் பாதிகூடப் பயிருக்குப் போய்ச் சேருவதில்லை அண்ணா. ஆவியாகிறது, தண்ணீரோடு கீழே இறங்குகிறது.

பெரியப்பா: தக்கைப்பூண்டு நிற்கிற ஆறேழு வாரம் வயலில் வேறு பயிர் நிற்காது. அதையும் கணக்கில் சேர்.

நான்: அரசு இதுவரை நடுவில் நிற்பதுபோலவும், இனிமேல்தான் யார் பக்கம் என்று முடிவு செய்யப் போவதுபோலவும் பேசுகிறோமே. மூட்டைக்கு இவ்வளவு என்று மானியம் கொடுத்தால், நிறையக் கொட்டுகிறவருக்கு நிறையப் பணம். தக்கைப்பூண்டு மடக்கி உழுகிறவருக்கு அதில் ஒன்றும் கிடையாது. அரசு ஏற்கெனவே ஒரு பக்கம்தான் இருக்கிறது.

நான்: இந்தோனேசியாவில் இப்படித்தான் பூச்சிமருந்து விலையில் பெரும்பகுதியை அரசே ஏற்றுக்கொண்டது. தேவையோ இல்லையோ, விவசாயிகள் அடித்துத் தள்ளினார்கள். நெற்பயிரின் சாற்றை உறிஞ்சுகிற புகையான் பூச்சியைத் தின்கிற சிலந்தி செத்தது, புகையான் பெருகியது. 1986-ல் நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்து, அடுத்த மூன்று வருடத்தில் மானியத்தையும் நிறுத்தினார்கள். நெல் விளைச்சல் சரியவில்லை. யூரியாவை யாரும் தடை செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சித்தப்பா இதையும் தன் கணக்கில் எழுதிக்கொள்வார்.

பெரியப்பா: புகையான் விஷயம் சரிதான். மருந்து அடிக்க அடிக்க வயல் வட்ட வட்டமாகக் கருகுவதை நானே பார்த்திருக்கிறேன்.

தம்பி: சித்தப்பா, உரத்தை நிறுத்திய முதல் வருடம் உங்களுக்கு எவ்வளவு விளைந்தது?

தம்பி: சித்தப்பா?

சித்தப்பா: மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இரண்டாம் வருடமும் ஏறக்குறைய அதேதான். அந்தச் சமயத்தில் சான்றிதழும் கையில் இல்லை. இயற்கை விளைச்சல் என்று சொல்லி நல்ல விலைக்குக் கேட்க முடியாது. உங்கள் சித்தியின் சம்பளம் மட்டும் இல்லையென்றால் நானும் மூட்டை வாங்கத்தான் போயிருப்பேன்.

சித்தி: நாலு வருடம் கழித்து இன்றைக்குத்தான் இந்த வார்த்தை வருகிறது 🙏

நான்: அந்த இரண்டு வருடத்துக்குத்தான் அரசுப் பணம் வேண்டும் சித்தப்பா. சம்பளக்காரி இல்லாத வீட்டில் யார் தாங்குவார்கள்? மாற நினைக்கிறவருக்கு அந்த நட்டத்தைக் கொடுக்கட்டும். மாறாதவர் யூரியா வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் மூட்டைக்குக் கொடுக்கிற பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏக்கருக்குக் கொடுக்க ஆரம்பித்தால், வாங்குகிறவரும் அளந்துதான் போடுவார்.

பெரியப்பா: ஏக்கருக்கு என்றால் குத்தகைக்காரனுக்கு என்ன? பட்டா வைத்திருப்பவன் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு வாங்கிக்கொள்வான்.

நான்: அதற்கு என்னிடம் பதில் இல்லை பெரியப்பா.

அண்ணன்: டம்ளர் பரிசோதனையிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1843 முதல் ஒரே வயலில் கோதுமை போட்டுப் பார்க்கிறார்கள். எருப் பாத்தி மண்ணில், கட்டியைப் பிடித்து வைக்கிற கரிமம் ரசாயனப் பாத்தியைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் விளைச்சலில் ரசாயனப் பாத்தி சளைத்துவிடவில்லை. சித்தப்பா மண்கட்டி நிற்பது எரு போட்டதால். யூரியாவை விட்டதால் என்று சொல்ல முடியாது.

சித்தப்பா: அப்படியென்றால் உங்கள் பெரியப்பாவும் எரு போடட்டும். நான் வேண்டாம் என்றா சொன்னேன்?

பெரியப்பா: [படம்]

பெரியப்பா: நானும் ஒரு டம்ளர் போட்டுப் பார்த்தேன். என் வரப்பு மண். அரை மணி நேரம் ஆகிறது, அப்படியே நிற்கிறது.

சித்தப்பா: வரப்புக்கு எத்தனை மூட்டை போட்டீர்கள் அண்ணா?

பெரியப்பா: வரப்பை நான் உழுவதும் இல்லை. அதையும் யோசி.

தம்பி: நாளைக்கு நான் பூந்தொட்டி மண்ணைப் போடுகிறேன்.

அத்தை: யார் எதைப் போட்டாலும் சரி, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.